லேசர் ஹார்டு டிஸ்க்கில் கோளாறா? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

கிருஷ்ணகிரியில் நான் நடத்தும் பழுதுபார்ப்புக் கடைக்கு வரும் ஹார்டு டிஸ்குகளில் பெரும்பாலானவை கிரானைட் பட்டறை அலுவலகங்களிலிருந்தும், மாங்கூழ் ஆலைகளின் சிசிடிவி பெட்டிகளிலிருந்தும், ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களிலிருந்தும் வருபவை. ஸ்டுடியோக்காரர்கள் 24, 30 டெராபைட் டிஸ்குகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு புதிய கேள்வியும் சேர்ந்துகொண்டது. "அண்ணா, இதுக்குள்ள லேசர் இருக்காம், தட்டை நானூறு டிகிரிக்கு மேல சுடுமாம், அது மேல பூசியிருக்கற எண்ணெய் காஞ்சுபோகாதா?"

கேள்வி நியாயமானது. டிஸ்க்குக்குள் சுழலும், கோப்புகள் எழுதப்படும் தட்டின் மீதுள்ள மசகுப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர்தான். அதற்குக் கீழே இரண்டு மூன்று நானோமீட்டர் அளவுக்குக் கடினமான கார்பன் பூச்சு இருக்கிறது. இந்த வகை டிஸ்க்கில் எழுதும்போது, எழுதுவதற்கு ஏதுவாக லேசர் சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள புள்ளியை மட்டும் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறது, அந்தச் சூடு ஒரு நானோ வினாடி அளவிலேயே தணிந்தும் விடுகிறது. அந்த இடத்தில் படலம் மெலிகிறது, ஒரு பகுதி பக்கவாட்டில் ஒதுங்குகிறது, சிறு பகுதி ஆவியாகி, தட்டின் மேல் மிதந்தபடி எழுதிப் படிக்கும் உறுப்பான ஹெட்டின் அடியில் படியவும் கூடும். பிறகு சுற்றியுள்ள படலம் மெல்லத் திரும்பிப் பரவி அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. இந்தச் சூட்டைத் தாங்கும் மசகையும் பூச்சையும் தேர்ந்தெடுப்பது தயாரிப்பாளரின் வேலை, அதில் நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. நம் கையில் இருப்பவை அறையின் சூடு, 12 வோல்ட் மின்சாரம், கேபிள், தூசி ஆகிய நான்கு மட்டுமே. லேசர்தான் காரணம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட டிஸ்குகளில் நான் கண்ட கோளாறுகளும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகவே இருந்தன.

உங்கள் டிஸ்க் லேசர் வகையா என்பதை மேல் லேபிளைப் பார்த்தே அறியலாம். அந்த வகையில் லேசர் பொருள் என்றும் அதன் வகுப்பு 1 என்றும் அச்சிட்டிருப்பார்கள். மூடியைத் திறக்காத வரை கண்ணுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

## எதையும் தொடுவதற்கு முன்

அந்த டிஸ்க்கில் உள்ளவற்றுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் கீழே சொல்லியுள்ள சோதனைகள் அனைத்தையும் அச்சமின்றிச் செய்யலாம். இல்லையென்றால், கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, டிஸ்க் திறந்த அடுத்த நிமிடமே முக்கியமான கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். 30 டெராபைட் டிஸ்க்கில் முழு நீளச் சோதனை ஓடி முடிய ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். தளர்ந்துபோன ஒரு டிஸ்க்கை அந்த இரண்டு நாள் சோதனைக்காக ஓட்டிவிட்டு, பிறகு பிரதி எடுக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: டிஸ்க் சுழலவே இல்லை

கையை டிஸ்க்கின் மேல் வைத்துப் பாருங்கள். சுழலும் டிஸ்க்கில் மெல்லிய அதிர்வு இருக்கும். அதிர்வே இல்லையென்றால் முதலில் வேறொரு மின் கேபிளையும் வேறொரு அடாப்டரையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய கொள்ளளவு டிஸ்க், பழைய கணினி என்றால்: சர்வர்களுக்காகச் செய்யப்பட்ட பல டிஸ்குகளில், கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வகை மின் இணைப்பின் 3ஆவது முனையில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பழைய பவர் சப்ளைகள் அந்த முனையில் எப்போதும் 3.3 வோல்ட் தருகின்றன. புதிதாக வாங்கிய டிஸ்க் செத்துப்போய் வந்திருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைபோடுவதற்கு முன் இதைப் பாருங்கள். நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளில் 3.3 வோல்ட் வராது என்பதால் டிஸ்க் உடனே சுழலத் தொடங்கும். கம்பிகளை வைத்துப் பிளாஸ்டிக்கை ஊற்றி வார்த்த வகைக் கேபிளை மட்டும் வாங்காதீர்கள். அதற்குள் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிப்போனதை நேரில் கண்டிருக்கிறேன். கம்பிகளைத் தனித்தனியாக அழுத்திப் பிடித்த வகையே பாதுகாப்பானது.

லேப்டாப் அடாப்டரை மாற்றிச் செருகிய பிறகு நின்றுபோனது என்றால்: 12 வோல்ட் டிஸ்க் பெட்டிக்குள் 19 வோல்ட் பாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் சர்க்யூட் போர்டில் உள்ள பாதுகாப்பு டயோடு தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காத்திருக்கும். இதே மாடல் போர்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினால் ஓடிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. அந்தந்த டிஸ்க்குக்கு உரிய தகவல்கள் அந்தந்த போர்டின் சிப்பில் இருக்கின்றன. போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுழலவில்லை, ஆனால் மெல்லிய முனகலோ பீப் ஒலியோ விட்டுவிட்டு வருகிறது என்றால்: யூஎஸ்பி கேபிளையும் போர்ட்டையும் ஒரே ஒரு முறை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போதாதபோதும் இந்த ஒலி வரும். அதன் பிறகும் வந்தால், ஹெட் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாமல் தட்டின் மேலேயே நின்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். தட்டும் ஹெட்டும் அவ்வளவு வழவழப்பானவை என்பதால் இடையிலுள்ள மசகுப் படலமே அவற்றைச் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. கீழே விழுந்த சிறிய கையடக்க டிஸ்குகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. தட்டுவதும், குலுக்குவதும், திரும்பத் திரும்பச் செருகுவதும் ஹெட்டைப் பிய்த்துவிடும். இங்கேயே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: சுழல்கிறது, ஆனால் கொள்ளளவு தவறாகத் தெரிகிறது அல்லது தெரியவே இல்லை

இது பெரும்பாலும் அதிகச் செலவில்லாத கோளாறுதான். பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்குச் சற்று மேல் வரைதான் பயன்படுத்த முடியும், ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் பிரித்தால் முழுவதும் கிடைக்கும். பழைய யூஎஸ்பி பெட்டிகளில் 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிபி என்று தெரிவது உண்டு. அப்போது பெட்டியைத்தான் மாற்ற வேண்டும், அந்தப் பெட்டியில் வைத்து ஃபார்மட் செய்துவிடக் கூடாது. சிசிடிவி காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிகளுக்கும் ஒரு உச்ச அளவு உண்டு, அது கையேட்டில் அச்சிட்டிருக்கும்.

## அறிகுறி: டிஸ்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நம் ஊரில் டிஸ்குகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான்.

லேசர் சுடுவது ஒரு நானோ வினாடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை. சித்திரை, வைகாசி மாதங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைத்த டிவிஆர் பெட்டி சுடுவதோ முழுத் தட்டையும், முழு ஹெட்டையும், பேரிங்கையும், நாள் முழுக்க. தட்டு சூடாகச் சூடாக மசகுப் படலம் இளகுகிறது, சுழற்சியின் விசையில் விளிம்பை நோக்கி நகர்வதும் ஆவியாவதும் கூடுகின்றன. லேசர் எழுதிய தடத்தில் படலம் மீண்டும் படர்வதற்குப் பக்கத்திலேயே போதிய மசகு இருக்க வேண்டும், அதைக் குறைப்பது இந்த நீண்டகாலச் சூடுதான். ஆகவே லேசர் டிஸ்க் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அறைச் சூட்டில் கண் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் கையை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் சூடு பெரிய எழுத்தில் தெரியும். டிவிஆராக இருந்தால் அதன் மெனுவில் ஹார்டு டிஸ்க் ஸ்மார்ட் தகவல் என்ற பக்கத்தில் இருக்கும் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் எண்களைத்தான் ஸ்மார்ட் என்கிறார்கள்). காலை ஒன்பது மணிக்குப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குப் பாருங்கள். 45 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 50ஐத் தாண்டினால் இடத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலான டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச வரம்பு 60. அதைத் தொட்டால் அன்றே அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

சென்ற கோடையில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு அழைத்திருந்தார்கள், அறுவடைக் காலம், இரவு பகலாக வேலை. டிவிஆரை அலமாரியின் மேல்தட்டில், கூரைக்கு ஒரு முழம் கீழே வைத்திருந்தார்கள்; அதன் மேல் வவுச்சர் கட்டுகள், பக்கத்தில் அதன் சூட்டையும் சேர்த்துத் தரும் ஒரு இன்வெர்ட்டர். பெட்டியின் துளைகளை விரலால் தடவினேன், சர்க்கரைச் சத்தும் தூசியும் சேர்ந்து பிசின்போல ஒட்டியது. டிஸ்க்கின் சூடு 63 டிகிரி. பெட்டியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, வவுச்சர் கட்டுகளை எடுத்து, துளைகளைத் துடைத்து, பக்கத்தில் ஒரு சிறிய மேஜை விசிறியை வைத்தோம். ஒரு மணி நேரத்தில் 47க்கு வந்தது. ஒரு ரூபாய்கூடப் பொருளுக்குச் செலவாகவில்லை.

இடம் மாற்றியும் குறையவில்லை என்றால்: பெட்டிக்குள் இருக்கும் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். கிரானைட் பட்டறைப் பக்கத்து அலுவலகங்களில் வெண்தூசி விசிறியின் இறக்கைகளில் படிந்து, சுழல்வது போலத் தெரிந்தாலும் காற்று வராது. அணைத்த பிறகு தூரிகையால் துடைக்க வேண்டும். காற்றூதும் கருவியால் ஊதுபவர்கள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஊதுங்கள்: காற்று நிரப்பிய டிஸ்குகளின் மூடியில் வடிகட்டியுடன் கூடிய சிறு சுவாசத் துளை ஒன்று இருக்கிறது, அதற்குள் தூசியை அழுத்தி ஊதிவிடக் கூடாது. ஹீலியம் நிரப்பிய டிஸ்குகளில் அந்தத் துளை கிடையாது.

விசிறியும் நன்றாக இருக்கிறது என்றால்: டிஸ்குகளை ஒன்றோடொன்று ஒட்ட அடுக்கியிருக்கிறீர்களா, பிரதி எடுக்கும் வேலை ஏதாவது இரவு பகலாக ஓடுகிறதா என்று பாருங்கள். எதுவும் எழுதாமல் சும்மா சுழலும்போதும், அதே அறையில் உள்ள மற்ற டிஸ்க்கைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், கோளாறு அந்த டிஸ்க்குக்குள்தான் இருக்கிறது. பிரதி எடுத்துவிட்டு உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஐந்து வினாடிக்கு ஒரு முறை 'டக்' என்ற ஒலி

ஓசூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் இரவு பதினோரு மணிக்கு அழைத்து, புது டிஸ்க் சாகப்போகிறது என்று பதறினார். மறுநாள் நேரில் போய்க் காதை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். ஐந்து வினாடிக்கு ஒன்று, இம்மி பிசகாமல், அரை மணி நேரம். கோப்புகளைப் படிக்கத் தொடங்கியதும் ஒலி நின்றது, விட்டதும் மீண்டும் வந்தது.

இது கோளாறே அல்ல. பெரிய கொள்ளளவு கொண்ட சில டிஸ்குகள், சும்மா இருக்கும் நேரத்தில் ஹெட் ஒரே தடத்தின் மீது நெடுநேரம் நின்று அங்குள்ள மசகை ஒதுக்கிவிடாமல் இருக்க, குறித்த இடைவெளியில் ஹெட்டை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஒலி சீரான இடைவெளியில் வருகிறதா, வேலை கொடுத்தால் நிற்கிறதா, ஸ்மார்ட் எண்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் டிஸ்க்கை நிம்மதியாக விட்டுவிடலாம். மேஜை அதிர்வதால் ஒலி பெரிதாகக் கேட்டால் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போதும்.

## அறிகுறி: 'டக் டக் டக்' என்று தொடர்ந்து அடித்துவிட்டு நிற்கிறது

இடைவெளி சீராக இல்லாமல், சுழலத் தொடங்கியதும் விரைவாகப் பலமுறை அடித்து, பிறகு வேகம் தணிந்து, மீண்டும் சுழலத் தொடங்கினால் அது வேறு.

டிவிஆரில் என்றால் முதலில் அடாப்டர். பெரிய டிஸ்க் சுழலத் தொடங்கும் சில வினாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் டிவிஆரும் டிஸ்க்கும் சேர்ந்து ஓடும்போது, அது புதிதாக இருந்த நாளில் சமாளித்திருக்கும், இரண்டு கோடை கண்ட பிறகு சமாளிக்காது. மல்டிமீட்டரில் வெறும் அடாப்டரை அளந்தால் 12.1 என்று அழகாகக் காட்டும். டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அளந்தால்தான் 11.4க்குக் கீழே இறங்குவது தெரியும். அதைவிட எளிய வழி, நன்றாக ஓடும் வேறொரு 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரை, முனை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுவது.

அடாப்டர் மாற்றியதும் ஒலி நின்றுவிட்டால்: பழைய அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்மார்ட் எண்களைக் குறித்து வையுங்கள். மின்சாரம் குறைந்து குறைந்து ஹெட் அடிக்கடி அவசரமாக ஒதுங்கியிருக்கும், ஆதலால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

நிற்கவில்லை என்றால்: ஹெட் பழுது. அடுத்த முறை இயக்கிப் பார்க்க வேண்டாம்.

'டக்' ஒலியோடு உரசும் ஒலியும் கேட்டால்: கம்பியை அந்த வினாடியே பிடுங்குங்கள். நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை, பழுதான ஹெட் அதே வட்டத்தில் உரசிக்கொண்டிருக்கிறது. மசகுப் படலமும் அதன் கீழுள்ள கார்பன் பூச்சும் சேர்ந்தே மூன்று நான்கு நானோமீட்டர்தான், அது போன பிறகு உரசப்படுவது உங்கள் கோப்புகள் எழுதப்பட்டிருக்கும் காந்தப் பூச்சுதான். அது பொடியாகிவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் திருப்பித் தர முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும், இன்னும் ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று கேட்பவர்களைத் தடுப்பதுதான் என் வேலையில் மிகவும் கடினமான பகுதி.

## அறிகுறி: எழுதும் வேகம் விழுந்துவிட்டது, அல்லது எழுதும்போது பிழை வருகிறது

ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் C7, 05 போன்ற ஒரு குறியெண் இருக்கும்.

சி7 வரி ஏறுகிறது என்றால்: கேபிள். சாட்டா கேபிளை மாற்றுங்கள். அந்த எண் குறையாது, ஆனால் மேலும் ஏறாமல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

05, சி5, சி6 ஆகியவற்றில் ஏதேனும் ஏறுகிறது என்றால்: தட்டின் பரப்பில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை. ஓரிரு எண்கள் பல மாதங்களாக அப்படியே இருந்தால் கவனித்துக்கொண்டு பயன்படுத்தலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் பிரதி எடுத்துவிட்டு மாற்றிவிட வேண்டும். திடீரென நின்ற மின்சாரத்தாலும் சி5 ஏறும், அப்படியானால் அந்த இடத்தில் மறுபடி எழுதியதும் அது குறைந்துவிடும். யூபிஎஸ் இல்லாத இடங்களில் இதை நினைவில் வையுங்கள்.

01, 07 வரிகளில் கோடிக்கணக்கான எண் தெரிகிறது என்றால்: சீகேட் டிஸ்குகளில் அது இயல்பானது. மொத்தம் எத்தனை முறை படித்தது என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. இதைப் பார்த்து நல்ல டிஸ்க்கை ஒதுக்கியவர்கள் பலர்.

நான்கும் சுத்தம், ஆனால் சில நூறு ஜிபி எழுதிய பிறகு வேகம் படுத்துவிடுகிறது என்றால்: தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன் மேல் ஒன்றாக எழுதும் வகை டிஸ்காக இருக்கலாம். சிறிது நேரம் சும்மா விட்டால் அது மீளும். வீடியோ ஸ்டுடியோவுக்கு அந்த வகை உகந்ததல்ல.

பழைய கோப்புகள் தடையின்றிப் படிக்கின்றன, புதிதாக எழுதுவது மட்டும் தோற்கிறது என்றால்: இடம் நிறைந்துவிட்டதா, எழுதும் அனுமதி இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, வேறொரு கணினியிலும் முயன்று பாருங்கள். அங்கேயும் தோற்று, டிஸ்க்கும் லேசர் வகையாக இருந்தால், லேசரும் அதன் முனையும் தளர்ந்திருக்க இடமுண்டு. படிப்பதற்கு லேசர் தேவையில்லை, எழுதுவதற்கு மட்டுமே தேவை. ஹெட்டின் அடியில் படிந்த மசகுக் கசடும் எழுத்தைக் கெடுக்கக் கூடும். இரண்டையும் வெளியிலிருந்து சரிசெய்ய வழி இல்லை, ஆனால் படிக்க முடிவதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அன்றே எல்லாவற்றையும் பிரதி எடுங்கள், ஃபார்மட் செய்து பார்க்காதீர்கள், பிறகு உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள்.

## செய்யவே கூடாதவை

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு டிஸ்க்கின் சுவாசத் துளை வழியே தையல் மெஷின் எண்ணெய் சொட்டுவிட்டிருந்தார்கள். உள்ளே மசகு குறைந்துவிட்டது என்று எங்கோ கேட்டதால் நல்லெண்ணத்தோடு செய்தது. 1 நானோமீட்டர் படலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொட்டு என்பது வெள்ளம். அதன் மேல் ஹெட் மிதக்க முடியாது. அந்தப் படலத்தை நாம் புதுப்பிக்க முடியாது, எந்த எண்ணெயாலும் முடியாது.

ஃப்ரீசரில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படிகிறது, சுழலத் தொடங்கியதும் ஹெட் அந்த ஈரத்தில் மோதுகிறது. மூடியைத் திறப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹீலியம் டிஸ்க்கைத் திறந்தால் வாயு போய்விடும், மற்றவற்றில் நம் அறையின் ஒரு துகள் தூசி ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பல நூறு மடங்கு பெரியது.

## ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டம்

அடாப்டரும் கேபிளும் மாற்றிய பிறகும் 'டக் டக்' ஒலி, உரசல், சுழலாமல் முனகல், கீழே விழுந்தது, தண்ணீர் புகுந்தது ஆகிய ஐந்தில் ஒன்று இருந்து, உள்ளே இருப்பது வேறெங்கும் இல்லாத கோப்பாகவும் இருந்தால், என் போன்ற கடைக்காரரிடமும் கொடுக்க வேண்டாம். தூய அறை உள்ள மீட்பு ஆய்வகத்துக்கு நேராக அனுப்புங்கள், ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஒரு மணி நேரப் பயணம்தான். கொடுப்பதற்கு முன் ஹீலியம் டிஸ்க்கை, குறிப்பாக லேசர் வகையை, இதற்கு முன் திறந்து மீட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். மீட்க முடியாவிட்டால் கட்டணம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கோப்புகள் முக்கியமில்லை, உத்தரவாதம் மட்டும் வேண்டும் என்றால் ஆய்வகம் தேவையில்லை, சேவை மையம் போதும். ஆனால் சேவை மையம் உங்கள் கோப்புகளைத் திருப்பித் தராது.

டிஸ்க்கை நிலைமின் தடுக்கும் உறையில் போட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் ஸ்பாஞ்சு வைத்துக் கட்டுங்கள். தாளில் சுற்றி டிராவல்ஸ் பஸ்ஸின் டிக்கியில் போட்டு அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு கோளாறு சேர்ந்துவிடும். பொட்டலத்துக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: சீரியல் எண், கோளாறு தொடங்கிய தேதி, முதலில் கேட்ட ஒலி எப்படி இருந்தது, கடைசியாகப் பார்த்த சூடு, எந்த அடாப்டரில் ஓடியது, அதற்குப் பிறகு எத்தனை முறை இயக்கிப் பார்த்தீர்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையான எண்ணை எழுதுங்கள், சேதம் எவ்வளவு இருக்கக்கூடும் என்று அவர்கள் கணிக்க அது உதவும்.